தோசைக்கல்லில் ஸ்டீக்

சமையலறையில் லைட் எரிவதைப் பார்த்து எழுந்து போனேன். மணி பதினொன்றரை. என் மனைவி ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் சுற்றிக்கொண்டு, அடுப்பு மேடையோரம் நின்றபடி, முந்தின நாள் மீன்குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில்கூட இல்லை, சட்டியிலேயே. என்னைப் பார்த்ததும் கை நின்றது. "பசிக்குதுங்க" என்றாள், திருடும்போது பிடிபட்ட பிள்ளை மாதிரி. அன்றைக்கு எங்கள் பதினோராவது கல்யாண நாள். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால்தான் நான் செய்த ஸ்டீக்கை, அதாவது கல்லில் சுட்ட தடித்த மாட்டுக்கறியை, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லியிருந்தாள். பாதி எரிந்த மெழுகுவர்த்தி இன்னும் மேஜையில்தான் நின்றுகொண்டிருந்தது.

நல்லா இல்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். எங்கள் வீட்டில் அதெல்லாம் சாதாரணம். அவள் வைக்கும் சாம்பாரை நான் குறை சொல்வேன், நான் வாங்கி வரும் கத்தரிக்காயை அவள் குறை சொல்வாள். ஆனால் ஒரு மனுஷி, எட்டு மணி நேர டியூட்டி ஒன்பதரை மணி நேரமாக நீண்டுபோய், காலில் வலியோடு வந்து உட்கார்ந்து, தாடை நோக நோக ஒரு தோல் துண்டை மென்று முழுங்கி, அதைப் பாராட்டவும் செய்துவிட்டு, நான் தூங்கிய பிறகு எழுந்து பழங்குழம்பு தேடிப் போயிருக்கிறாள். இது மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. என்ன தப்பு நடந்தது என்று எனக்கு நிஜமாகவே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆரம்பித்து வைத்தது ஒரு விருந்தாளிதான். கொடைக்கானலில் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். போன நவம்பரில் வந்த ஒரு தம்பதி ஐஸ் பெட்டியில் கறி கொண்டுவந்திருந்தார்கள். மனைவிக்குப் பிறந்த நாள், கொஞ்சம் சமையலறை கொடுக்க முடியுமா என்று கணவர் கேட்டார். கொடுத்தேன். அவர் கறியைக் கல்லில் போட்டு மூன்று நிமிஷம், திருப்பிப் போட்டு மூன்று நிமிஷம், எடுத்துவிட்டார். வெட்டினால் உள்ளே ரோஜா நிறம். "இன்னும் கொஞ்சம் வேகட்டுமே சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "வெல் டன்னு முழுசா வேகவெச்சுக் கேக்கறவங்களுக்கு நல்ல கறியையே குடுக்கக் கூடாதுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு பைத்தியமும் பிடித்துவிட்டது: நம் கல்யாண நாளுக்கு நாமும் இப்படி ஒரு ரொமான்டிக் டின்னர் வைத்தால் என்ன?

முதல் முறை

இந்த ஊர்க் கறிக்கடையில் ஸ்டீக் என்றால் புரியாமல் இல்லை, ஆனால் கேட்க வேண்டிய வார்த்தை அண்டர்கட். முதுகெலும்புக்கு அடியில், உள்பக்கமாக ஓடும் சதை. ஒரு மாட்டில் இரண்டே இரண்டுதான் இருக்கும் என்பதால் ஓட்டல்காரர்கள் முந்தின நாளே சொல்லி வைத்துவிடுவார்கள். மாடு நடந்தாலும் உழுதாலும் அந்தச் சதைக்குப் பெரிதாக வேலை கிடையாது, அதனால்தான் மிருது. மற்ற சதையெல்லாம் நம் பக்கத்தில் வேறு கதை. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, பொதுவாகப் பத்து வயது தாண்டி, வேலைக்கும் ஈனுவதற்கும் இனி உதவாது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் அறுக்கலாம். அமெரிக்காவில் ஸ்டீக்குக்காக வளர்க்கும் மாடு தானியம் தின்று கொழுத்து ஒன்றரை, இரண்டு வயதில் கடைக்குப் போய்விடுகிறது. இங்கே வண்டி இழுத்து, ஏர் இழுத்து, கன்று போட்டு ஓய்ந்த மாடு. அதைக் குக்கரில் போட்டு எட்டு விசில் விடாமல் ஆறு நிமிஷத்தில் எடுத்துத் தின்ன யாரால் முடியும்? நம் ஆட்கள் கறியை வேகவிட்டு வேகவிட்டுச் சமைப்பது ரசனை தெரியாமல் இல்லை என்று அந்த விருந்தாளிக்கு மனதுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் லேட்.

அண்டர்கட் கிடைத்தது. ஒன்றரை அங்குலக் கனத்தில் இரண்டு துண்டு. அதன் பிறகு நான் செய்தது எல்லாமே தப்பு. நான்ஸ்டிக் தவாவில் போட்டேன். அது மெல்லிசு, கறியை வைத்ததும் சூடு சட்டென்று இறங்கிவிட்டது, கறியிலிருந்து நீர் விட்டுக்கொண்டு, தன் தண்ணீரிலேயே சாம்பல் நிறமாக வெந்தது. கறி சிவந்து முறுகி அந்த வாசனை வர வேண்டுமென்றால் மேற்பரப்பு 140 டிகிரியாவது தொட வேண்டும். மேலே ஈரம் இருக்கும்வரை அது தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டவே தாண்டாது. நம் ஊரில் அந்தக் கொதிநிலையும் நூறு கிடையாது. கொடைக்கானல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இது உருளைக்கிழங்கில் தெரிந்தது. ஸ்டீக் செய்யக் கற்றுக்கொள்ள நான் பார்த்த வீடியோவில் இருபது நிமிஷம் கொதிக்க விடச் சொன்னார்கள், நானும் சமர்த்தாகத் திறந்த பாத்திரத்தில் வைத்து நாற்பது நிமிஷம் கொதிக்க விட்டேன், மசித்தால் நடுவில் கல் மாதிரி ஒரு கட்டி. பருப்புக்கே குக்கர் இல்லாமல் நடக்காத ஊரில் பதினொரு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு இது எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்க்க வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தது, காய்ச்சல் தெர்மாமீட்டர். அது 42 டிகிரியோடு நின்றுவிடும். கறி 55 வர வேண்டும். நர்ஸ் வீடு என்பதால் அதில் மட்டும் மூன்று கிடந்தன.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவள் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், எட்டு பத்துக்குத் தட்டு மேஜையில். மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. எட்டரை. ஒன்பது. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதாம், வத்தலக்குண்டிலிருந்து வர வேண்டிய அடுத்த ஷிப்ட் நர்ஸ் வரவில்லை. ஆள் மாற்றாமல் வார்டை விட்டு யார் கிளம்ப முடியும்? ஒன்பது நாற்பதுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது, ஜனவரிக் குளிரில் தட்டில் ஊற்றியிருந்த வெண்ணெய் உறைந்து, மெழுகு சிந்தின மாதிரி வெள்ளையாக விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? மறுபடியும் தவாவில் போட்டுச் சூடாக்கினேன். அரைகுறையாக மிச்சமிருந்த உயிரும் அதில் போயிற்று.

பட்லர் தாத்தா

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. இளவயதில் ஒரு மிஷன் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர், தெருவில் எல்லோருக்கும் பட்லர் தாத்தா. இந்த மலையில் ஸ்டீக் ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி இங்கே வந்து முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியதிலிருந்து யாராவது ஒருவர் யாருக்காவது அதைச் சுட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். சுட்டவர்கள் நம் ஆட்கள். அதனால் அவரிடமே போய்க் கேட்டேன், எங்கே தப்பு என்று.

நான் சொல்லி முடிக்கும்வரை வெயிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தவா, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெண்ணெய் உறைந்ததைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில்தான் நின்றார். "தம்பி, அங்க மணி அடிப்பாங்க. ஏழுன்னா ஏழு. துரையும் துரைசானியும் வந்து உக்காருவாங்க. அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நான் கறிய எறக்கியிருப்பேன். உக்கார்றவங்க வேற, அடுப்படியில நிக்கிறவன் வேற. நீ ரெண்டாவும் இருக்கப் பாக்கிற."

"உங்க வீட்ல எப்படி தாத்தா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்லயா? எல்லாத்தையும் கழுவிக் கவுத்துட்டு நான் போறப்ப ஒம்பதரை, பத்து ஆயிடும். அவ புள்ளைங்களோட தூங்கியிருப்பா. சட்டியில குழம்பு இருக்கும். மூடி மேல ஒரு கல்லு வெச்சிருப்பா, பூனைக்காக."

நான் தேடிப் போனது கறியை எத்தனை நிமிஷம் போடணும் என்ற கணக்கு. அவர் கொடுத்தது அந்தக் கல். வீட்டுக்கு நடந்து வரும்போது அதுதான் கண்ணில் நின்றது, ஒரு உள்ளங்கை அளவுக் கல், மூடியின் மேல். யோசித்துப் பார்த்தால் நாம் சமைக்கிற எல்லாமே லேட்டாக வருகிறவர்களுக்காகச் சமைப்பதுதான். குழம்பு காத்திருக்கும். காத்திருந்தால் இன்னும் நல்லாவே ஆகும், மீன்குழம்பு மறுநாள்தானே குழம்பு. ரசம் காத்திருக்கும், கறி வறுவலைத் திரும்பச் சூடு பண்ணினால் இன்னும் சுருண்டு வரும், சோற்றில் தண்ணீரை ஊற்றினால் காலைவரை காத்திருக்கும். வயலிலிருந்து, மில்லிலிருந்து, கடைசி பஸ்ஸிலிருந்து, வார்டிலிருந்து வருபவருக்கு நேரம் தெரியாது, சாப்பாட்டுக்குத் தெரிந்தால் போதும். எங்கள் கல்யாணமே பதினொரு வருஷமாக இந்த மூடி போட்ட சட்டிகளை நம்பித்தான் ஓடுகிறது. அவளுக்கு நைட் டியூட்டி என்றால் எனக்குக் குழம்பு இருக்கும், எனக்கு விருந்தாளி வேலை என்றால் அவளுக்கு இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சூடாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை நான் குறையாக நினைத்ததே இல்லை, அந்த வீடியோக்களைப் பார்க்கும்வரை.

ஸ்டீக் அந்த ஜாதி இல்லை. கல்லிலிருந்து இறக்கினால் அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு உடனே வெட்டணும், பத்து நிமிஷம் போனால் போச்சு. எதிரில் உட்காருகிற ஆள் சொன்ன நேரத்துக்கு வந்தே தீர வேண்டும் என்று கட்டளை போடுகிற சாப்பாடு. அவளுடைய ஒரு நாளை நான் பரிசு என்ற பேரில் இன்னொரு டியூட்டியாக ஆக்கிவிட்டேனோ என்று தோன்றியது. அன்றைக்கு ஸ்கூட்டரை நிறுத்தினதும் அவள் கேட்ட முதல் கேள்வி "ரொம்ப லேட் ஆயிடுச்சா?" என்பதுதான். குழம்பு வைத்த நாட்களில் அவள் அதைக் கேட்டதே கிடையாது.

கிளம்பும்போது தாத்தா இன்னொன்றும் சொன்னார், அப்போது பெரிதாகக் காதில் வாங்கவில்லை. "உப்ப மட்டும் காலையிலயே போட்டுடு."

உப்பு

சமைத்த ஸ்டீக்தான் காத்திருக்காது, சமைக்காதது காத்திருக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். கறியில் உப்பைத் தடவினால் முதலில் நீர் விட்டுக்கொள்ளும், மேலே முத்து முத்தாக நிற்கும். அந்த நேரத்தில் கல்லில் போட்டால் என் தவா கதைதான். முக்கால் மணி நேரம் விட்டுவிட்டால் அந்த உப்புத் தண்ணீரைக் கறியே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாள் முழுக்க ஃபிரிட்ஜில் மூடாமல் விட்டால் உள்ளே வரை உப்பு ஏறி, மேல்புறம் காய்ந்து, கை வைத்தால் பிசுபிசுக்காமல் இருக்கும். காய்ந்த பரப்பு உடனே சிவக்கும். ஆக, ஆள் லேட்டாக வர வர இது நன்றாகிக்கொண்டே போகும், ராத்திரி பத்து மணி ஆனாலும் சரி. இதை அந்த வீடியோக்களிலும் சொல்லியிருந்தார்கள்தான், ஆனால் ருசிக்காக என்று சொன்னார்கள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

அதே வீடியோக்களில் எல்லோரும் சொல்லும் இன்னொரு பேச்சு, சூட்டில் மேல்புறத்தை முறுக்கிவிட்டால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியல்காரர் பரப்பிய கருத்து, தப்பு என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். கல்லில் கறி போடும் அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தமே சாறு வெளியே வந்து ஆவியாகிற சத்தம்தானே. முறுக்குவது ருசிக்கு மட்டும்தான்.

இரண்டாவது முறை

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. எந்த விசேஷமும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. காலையில் கறிக்கு உப்பு போட்டு சல்லடைத் தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் தள்ளினேன். சாயங்காலம் உருளைக்கிழங்கைக் குக்கரில் ஆறு விசில் விட்டு, வெண்ணெயும் பாலும் ஊற்றி மசித்து, மூடி வைத்துவிட்டேன், அது குழம்பு ஜாதி, காத்திருக்கும். இரண்டு தட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்தேன். இந்த மலையில் தட்டைச் சூடு பண்ணாமல் எந்தக் கறியும் பிழைக்காது. ஆன்லைனில் வாங்கின, குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ரெடி. கனமான இரும்புக் கல் வேண்டுமே, அதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது. வீட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவள் அம்மா கொடுத்த வார்ப்பிரும்புத் தோசைக்கல். முப்பது வருஷம் எண்ணெயும் வெங்காயமும் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்தது, அதில் சப்பாத்தி சுட்டாலே சண்டை வரும்.

ஒன்பதேகாலுக்கு வளைவில் ஸ்கூட்டர் சத்தம். அடுப்பைப் பெரிதாக வைத்தேன். பெரிதாக என்பது பேச்சுக்கு, குளிர் காலத்தில் சிலிண்டரில் கேஸும் நம்மைப் போலவே சுருண்டுதான் கிடக்கும். அவள் ஹெல்மெட்டோடு சமையலறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். பார்வை கல்லில் விழுந்தது.

"அது என் தோசைக்கல்லா?"

"ம்."

"அதுல கறியா போடப் போறீங்க?"

"ம்."

சண்டைக்குத் தெம்பில்லை போல. முக்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டு, கையை நெருப்பில் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நெய்யை ஒரு ஸ்பூன் தடவி இரண்டு துண்டையும் வைத்தேன். புகை கிளம்பியது, ஜன்னலைத் திறந்தேன், குளிர் உள்ளே வந்தது, அவள் திட்டினாள், மூடினேன், இருமினோம், திறந்தேன். திருப்பிப் போட்டபோது அடிப்பக்கம் நல்ல வெல்ல நிறம். தெர்மாமீட்டரை அவள் கையில் கொடுத்தேன். பழக்க தோஷம், குத்தினதும் வார்டில் சொல்வது மாதிரியே வாசிக்க ஆரம்பித்தாள். "நாப்பத்தொண்ணு. நாப்பத்தாறு. காய்ச்சல்னா ஆள் போயிருப்பார். அம்பது. அம்பத்திரண்டு." ஐம்பத்திரண்டில் என் துண்டை எடுத்துச் சூடான தட்டில் வைத்தேன், மீதி இரண்டு மூன்று டிகிரி தானே ஏறிக்கொள்ளும். வெட்டியதும் சிவப்பாக நீர் கசிந்தது.

"ரத்தம்."

"ரத்தம் இல்லம்மா. மயோகுளோபின்னு ஒரு புரதம். சதையில இருக்கறது."

"எனக்குத் தெரியாதா? பேர் வெச்சுட்டா சாப்பிட்டுடலாமா? நாடாப்புழு வந்தா நான்தான் மாத்திரை குடுக்கணும்." தன் துண்டில் தெர்மாமீட்டரை விட்டு எடுக்கவே இல்லை. அறுபது. அறுபத்தஞ்சு. எடுக்கட்டுமா என்று பார்த்தேன், தலையை ஆட்டினாள். எழுபது. என் விருந்தாளி பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். ஒரே கல், ஒரே கறி, மூன்று நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம், இதில் யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது?

தோசைக்கல்லுக்கு விளிம்பு கிடையாது, வெண்ணெயைக் கல்லில் போட்டு அள்ளி அள்ளி ஊற்றுகிற வித்தையெல்லாம் நடக்காது. அதனால் தாளிக்கிற கரண்டியில் வெண்ணெய் விட்டு, நாலு பல் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டேன். பூம்பாறைப் பக்கம் விளைகிறது, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது, பல் சின்னது, காரம் பெரிசு. வாசலில் புதராகக் கிடக்கும் ரோஸ்மேரியில் ஒரு கொத்து, தாண்டிக்குடி மிளகு இடித்தது. என் துண்டில் பாதியை ஊற்றினேன். மீதியை ஊற்றப் போகும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தி, கரண்டியில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலையை உருவிப் போட்டாள். அது படபடவென்று வெடித்த பிறகுதான் விட்டாள்.

மேஜைக்குப் போகவில்லை. அவள் முக்காலியில், நான் அரிசி டிரம்மின் மேல். அவளுடைய துண்டில் சாறு குறைவுதான், ஆனால் அண்டர்கட் என்பதால் மெல்ல முடிந்தது. உருளைக்கிழங்கை எடுத்து அதோடு சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள், கையால். என் துண்டில் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, "பரவாயில்ல, ஆனா வேகல" என்றாள். அப்புறம் வார்டில் ஒரு பாட்டி ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்த கதையைச் சொன்னாள். லேட் ஆயிடுச்சா என்று கேட்கவில்லை. ராத்திரி நான் ஒரு தடவை விழித்துப் பார்த்தேன், சமையலறை இருட்டாகத்தான் இருந்தது.

கல்லை நானே தேய்த்தேன். வெந்நீர், உப்பு, தேங்காய் நார், அப்புறம் காயவைத்து நல்லெண்ணெய், அரை வெங்காயத்தால் ஒரு சுற்று. இரண்டு தடவை. காலையில் அவள் எதுவும் பேசாமல் கல்லை அடுப்பில் வைத்து முதல் தோசையை ஊற்றினாள். ஒட்டவில்லை. திருப்பி, எடுத்து, மூக்குக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். என் தட்டில் போட்டாள்.